குடலிறக்க நோயும் சத்திரசிகிச்சையும்: நாம் அறிந்திருக்க வேண்டியவை

குடாநாட்டின் எந்தக் கிராமத்தை எடுத்துக்கொண்டாலும், கவட்டுப் பகுதியில் உள்ள ஒரு வீக்கத்தைச் சாரத்தின் மடிப்புக்குள் ஆண்டுக்கணக்கில் மறைத்து வாழும் முதியவர்கள் சிலரேனும் இருக்கவே செய்வர். வீட்டிலே மனைவிக்குக்கூட அது முழுமையாகத் தெரிந்திராது. "நோகவில்லைத்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்பதே அவர்களது பதிலாக இருக்கும். வெட்கமும், சத்திரசிகிச்சை பற்றிய பயமும், வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாதே என்ற கவலையும் ஒன்றுசேர்ந்து அந்த மௌனத்தைக் காத்து நிற்கின்றன. ஒருநாள் இரவு அந்த வீக்கம் உள்ளே போக மறுத்து, வயிறு ஊதி, வாந்தி எடுக்கத் தொடங்கும்போதுதான் அயலவருக்கே விடயம் தெரியவருகின்றது.

குடலிறக்கம் எனப்படும் இந்த நோய் அபூர்வமானதன்று. இதற்கான சிகிச்சையும் புதியதன்று. உலகெங்கும் ஆண்டொன்றுக்குச் சுமார் 2 கோடிப் பேருக்குக் கவட்டுக் குடலிறக்கச் சத்திரசிகிச்சை செய்யப்படுவதாக மதிப்பிடப்பட்டுள்ளது. மேலைநாடுகளின் மதிப்பீட்டின்படி ஆண்களில் 100 பேருக்கு 27 பேர் வரையிலும், பெண்களில் 100 பேருக்கு 3 பேர் வரையிலும் தம் வாழ்நாளில் இந்நோய்க்கு உள்ளாகின்றனர். இத்தனை பரவலான ஒரு நோயைப் பற்றி எமது மக்களிடையே நிலவும் அறிவு மிகக் குறைவாகவே உள்ளது. ஆகவே நோயை இனங்காண்பதிலிருந்து மீண்டும் தொழிலுக்குத் திரும்புவது வரையிலான விபரங்களை இக்கட்டுரையில் தொகுத்துத் தர விழைகின்றோம்.

குடலிறக்கம் என்பது என்ன?

எமது வயிற்றறையைச் சுற்றித் தசைகளாலும் உறுதியான நார்ப்படலங்களாலும் ஆன ஒரு சுவர் உண்டு. அச்சுவரில் இயற்கையாகவே பலவீனமான சில இடங்கள் உள்ளன. அவ்விடங்களில் இடைவெளி ஏற்படும்போது, வயிற்றின் உள்ளுறை ஒரு பை போல வெளியே பிதுங்குகின்றது. அப்பைக்குள் கொழுப்போ குடலின் ஒரு பகுதியோ வந்து இறங்குகின்றது. இதுவே குடலிறக்கம். மருத்துவர்கள் இதனை ஹேர்னியா என்பர்.

இவற்றுள் நான்கில் மூன்று பங்கு கவட்டுப் பகுதியிலேயே ஏற்படுகின்றன. ஆண் குழந்தை தாயின் வயிற்றில் வளரும் காலத்தில், விதைகள் வயிற்றறைக்குள் உருவாகிப் பின்னர் கவட்டிலுள்ள ஒரு கால்வாயினூடாகக் கீழிறங்கி விதைப்பையை அடைகின்றன. அவை இறங்கிய வழி முற்றாக மூடிக்கொள்ளாது விடுவதும், அவ்விடத்தின் சுவர் வயதுடன் தளர்வதும் ஆண்களிடையே இந்நோய் அதிகமாகக் காணப்படுவதற்குக் காரணங்களாகும்.

தொப்புளில் ஏற்படுவது தொப்புள் குடலிறக்கம். மேல்வயிற்றின் நடுக்கோட்டில் ஏற்படுவதும் உண்டு. முன்னர் செய்த சத்திரசிகிச்சையின் தழும்பினூடாக, உதாரணமாகக் குழந்தைப் பேற்றுக்கான சிசேரியன் தழும்பினூடாக, ஏற்படுவது தழும்புக் குடலிறக்கம். கவட்டு மடிப்புக்குச் சற்றுக் கீழே, தொடையின் தொடக்கத்தில் தோன்றும் தொடைக் குடலிறக்கம் பெண்களிடையே கூடுதலாகக் காணப்படுகின்றது. இது சிறிய கட்டியாகவே தோன்றினாலும் இறுகிக்கொள்ளும் ஆபத்து மிகுந்தது என்பதைப் பெண்கள் மனங்கொள்ளுதல் வேண்டும்.

பாரம் தூக்குவதால் மட்டுமா?

பனை ஏறுவோர், கரைவலை இழுப்போர், வெங்காய மூடை சுமப்போர், கல்லுடைப்போர் என உடலுழைப்பை நம்பி வாழும் மக்கள் நிறைந்த பிரதேசம் இது. "பாரம் தூக்கியதால் வந்தது" என்று நோயாளர் கூறுவதும் வழக்கம். பாரம் தூக்கும்போது ஏற்கெனவே பலவீனமாயிருந்த இடம் பிதுங்கி வெளித்தெரிவது உண்மையே. ஆயினும் பாரம் மட்டுமே காரணம் என்று கொள்வதற்கில்லை. நாற்காலியில் அமர்ந்து பணிபுரியும் எழுதுவினைஞருக்கும் ஆசிரியருக்கும்கூட இது ஏற்படுகின்றது. குடும்பத்தில் பிறருக்கு இருந்திருத்தல், குறைமாதத்தில் பிறந்திருத்தல், இணைப்பிழையங்களின் இயல்பான பலவீனம், முதுமை ஆகியன முக்கிய காரணங்களாகும்.

இவற்றோடு நாட்பட்ட இருமல், மலச்சிக்கலினால் முக்குதல், முதியவர்களில் சலம் கழிக்கச் சிரமப்படுதல் ஆகியனவும் வயிற்றின் உள்ளமுக்கத்தை அதிகரிக்கச் செய்கின்றன. சுருட்டும் பீடியும் சிகரெட்டும் இருமலைத் தருவதோடு திசுக்களின் உறுதியையும் குலைக்கின்றன. புகையிலையை விளைவித்து வாழ்ந்த மண்ணில் இதனைச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். எனினும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

இனங்காண்பது எவ்வாறு?

நிற்கும்போதும் இருமும்போதும் தோன்றி, படுத்ததும் மறைந்துபோகும் வீக்கமே குடலிறக்கத்தின் முதல் அறிகுறி. சிலருக்கு இழுப்பது போன்ற உணர்வோ மாலை வேளைகளில் கனத்த நோவோ இருக்கும். காலப்போக்கில் வீக்கம் பெருத்து விதைப்பை வரை இறங்குவதும் உண்டு.

வைத்தியர் நோயாளியை நிற்கவைத்தும் படுக்கவைத்தும் பார்ப்பார். இருமச் சொல்லி விரலால் தொட்டுணர்வார். பெரும்பாலானோரில் நோயை உறுதிசெய்ய இதுவே போதுமானது. சந்தேகம் ஏற்படும்போதே அல்ட்ரா சவுண்ட் ஸ்கான் தேவைப்படுகின்றது. எல்லோரும் பணம் செலவழித்து ஸ்கான் எடுத்துக்கொண்டுதான் வைத்தியரிடம் செல்லவேண்டும் என்பதில்லை.

கவட்டிலும் விதைப்பையிலும் தோன்றும் எல்லா வீக்கமும் குடலிறக்கமன்று. விதையைச் சுற்றி நீர் கோத்தல், நிணநீர்க் கட்டி, இறங்காத விதை, விதையிலேயே தோன்றும் கட்டி என்பனவும் உண்டு. யானைக்கால் நோய்க் கிருமியால் ஏற்பட்ட விதைப்பை வீக்கம் ஒரு காலத்தில் இந்நாட்டின் சில பகுதிகளில் காணப்பட்டது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அந்நோயை இலங்கை ஒழித்துவிட்டதாக 2016-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. எது எப்படியாயினும், வீக்கத்தின் தன்மையைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியரேயன்றி, பக்கத்து வீட்டாரோ மருந்துக்கடைக்காரரோ அல்லர்.

எல்லோருக்கும் உடனடியாகச் சத்திரசிகிச்சை வேண்டுமா?

இவ்விடயத்தில் மருத்துவ உலகின் நிலைப்பாடு கடந்த சில தசாப்தங்களில் மாறியுள்ளது. நோவோ இடைஞ்சலோ அதிகமின்றிக் கவட்டுக் குடலிறக்கம் உள்ள 720 ஆண்களைக் கொண்டு வட அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2006-இல் வெளியாயிற்று. சத்திரசிகிச்சை செய்யாமல் கண்காணிப்பில் இருந்தவர்களிடையே அவசர நிலை ஏற்படும் வாய்ப்பு, 1,000 பேரை ஓராண்டு கவனித்தால் 2 பேருக்கும் குறைவு என்று அது காட்டிற்று. எனவே, வைத்தியரின் கண்காணிப்பில் பொறுத்திருப்பதும் சிலருக்குப் பொருத்தமான வழியே.

ஆயினும் அதே ஆய்வின் தொடர்ச்சி 2013-இல் வெளியானபோது, பொறுத்திருந்தவர்களில் ஏறத்தாழ 100-க்கு 68 பேர் 10 ஆண்டுகளுக்குள் சத்திரசிகிச்சைக்கு வந்திருப்பர் என மதிப்பிடப்பட்டது. நோவு அதிகரித்ததே பெரும்பாலும் காரணம். அதாவது குடலிறக்கம் தானாக மாறுவதில்லை. மருந்தாலோ எண்ணெயாலோ பட்டியாலோ அதனை மூடிவிட முடியாது. சத்திரசிகிச்சையின் காலத்தை வேண்டுமானால் தள்ளிப்போடலாம்.

பொறுத்திருத்தல் என்பது வைத்தியர் பார்த்து, அளந்து, அபாய அறிகுறிகளைச் சொல்லிக்கொடுத்த பின்னர் எடுக்கும் முடிவு. எவரிடமும் காட்டாமல் மறைத்து வைத்திருத்தல் பொறுத்திருத்தல் ஆகாது. பெண்களுக்கும், தொடைக் குடலிறக்கம் உள்ளோருக்கும், நோவினால் அவதியுறுவோருக்கும், வீக்கம் உள்ளே போகாதோருக்கும் இந்தப் பொறுத்திருத்தல் பொருந்தாது. அவர்கள் காலந்தாழ்த்தாது சத்திரசிகிச்சை செய்துகொள்வதே நன்று.

குழந்தைகளின் நிலை வேறு. கைக்குழந்தைகளுக்குக் கவட்டில் குடலிறக்கம் காணப்பட்டால், அது இறுகிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம் என்பதால் விரைவில் சத்திரசிகிச்சை செய்யப்படும். ஆனால் குழந்தைகளின் தொப்புள் வீக்கம் பெரும்பாலும் 4 அல்லது 5 வயதுக்குள் தானாகவே மூடிக்கொள்ளும். தொப்புளின் மேல் நாணயத்தை வைத்துக் கட்டும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் உள்ளது. அதனால் பயனெதுவுமில்லை, தோல் புண்ணாவதே மிச்சம்.

எப்போது ஓடோடிச் செல்லவேண்டும்?

பைக்குள் இறங்கிய குடல் திரும்ப முடியாதபடி இறுகிக்கொண்டால், முதலில் உணவுப் பாதை அடைபடும். பின்னர் குடலுக்கான குருதியோட்டம் தடைப்படும். குருதி கிடைக்காத குடல் சில மணி நேரத்துக்குள் அழுகத் தொடங்கும். வழமையாக உள்ளே போகும் வீக்கம் போகாமல் கல்லுப்போல இறுகுதல், கடும் நோவு, வாந்தி, வயிறு ஊதுதல், வாயுவும் மலமும் வெளியேறாமை, வீக்கத்தின் மேல் தோல் சிவத்தல், காய்ச்சல் ஆகியன இதன் அறிகுறிகள்.

இவ்வேளையில் வீக்கத்தைப் பலங்கொண்டு அமுக்குவதோ, எண்ணெய் பூசித் தடவுவதோ, ஒத்தடம் கொடுத்துக்கொண்டு விடியும்வரை காத்திருப்பதோ கூடாது. சாப்பாடு, தண்ணீர், கோப்பி எதனையும் கொடுக்கலாகாது. பேதி மருந்து கொடுத்தல் பெருந்தவறு. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இச்சேவை 2018 ஜூலை முதல் வடமாகாணத்திலும் இயங்கிவருகின்றது.

சத்திரசிகிச்சையைத் திட்டமிட்டுச் செய்வதற்கும் அவசரத்தில் செய்வதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. சுவீடன் நாட்டின் தேசியப் பதிவேட்டை ஆராய்ந்து 2007-இல் வெளியான ஆய்வின்படி, திட்டமிட்ட கவட்டுக் குடலிறக்கச் சத்திரசிகிச்சையின் பின்னரான மரணவீதம், அதே வயதுடைய ஏனைய மக்களின் மரணவீதத்தைவிட அதிகமாக இருக்கவில்லை. அவசரச் சத்திரசிகிச்சையில் அது 7 மடங்காகவும், குடலின் பகுதியை வெட்டி அகற்ற நேர்ந்தவர்களில் 20 மடங்காகவும் உயர்ந்திருந்தது. எல்லா வசதிகளும் படைத்த நாட்டின் கணக்கு இது. நெடுந்தீவிலிருந்து கடல் கடந்து குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து தரைவழியாக யாழ்ப்பாணத்தை அடையவேண்டிய ஒருவருக்கு ஒவ்வொரு மணித்தியாலமும் எத்துணை பெறுமதியானது என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. தீவகத்தில் வாழ்வோர் திட்டமிட்ட சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது என்பதற்கு இதுவே போதிய காரணம்.

ஒன்றரை நூற்றாண்டுப் பயணம்

யாழ்ப்பாணத்துக்கும் சத்திரசிகிச்சைக்கும் உள்ள தொடர்பு நீண்டது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847-இல் இங்கு வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்து, எமது இளைஞர்களுக்கு மேலைத்தேய வைத்தியத்தைக் கற்பித்தார். பின்னர் அக்கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். சத்திரசிகிச்சை பற்றிய நூல் 1867-இல் 'இரண வைத்தியம்' என்ற பெயரில் தமிழில் வெளிவந்தது. அரசாங்க அதிபராக இருந்த டைக் துரையின் முயற்சியால் 1850-இல் தொடங்கப்பட்ட வைத்தியசாலையே பின்னர் அரசின் கைக்கு மாறி, இன்று யாழ். போதனா வைத்தியசாலையாக வளர்ந்து நிற்கின்றது. யாழ். பல்கலைக்கழக மருத்துவபீடம் 1978-இல் ஆரம்பமாயிற்று.

கிறீன் வைத்தியரின் நூல் வெளிவந்த காலத்தில் குடலிறக்கத்துக்கு நம்பத்தகுந்த சத்திரசிகிச்சை உலகில் எங்குமே இருக்கவில்லை. ஈதர் மயக்கமருந்து 1846-இல்தான் பகிரங்கமாகச் செய்துகாட்டப்பட்டது. கிருமிநீக்கச் சத்திரசிகிச்சை பற்றி லிஸ்ரர் எழுதியது அதே 1867-ஆம் ஆண்டில். இத்தாலியைச் சேர்ந்த பசினி என்பவர் 1880-களின் பிற்பகுதியில் கவட்டுச் சுவரைத் தையலால் மீளக் கட்டியமைக்கும் முறையை வகுத்தார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அம்முறையும் அதன் வழிவந்தனவுமே கோலோச்சின. தளர்ந்த தசைகளை இழுத்துத் தைப்பதால் நோவும், மீண்டும் பிதுங்குவதும் அதிகமாயிருந்தன.

செயற்கை இழையால் நெய்த வலையை 1958-இல் அமெரிக்கரான அஷர் அறிமுகப்படுத்தினார். 1980-களில் லிக்டென்ஸ்ரைன் என்பவர், தசைகளை இழுத்துத் தைக்காது பலவீனமான இடத்தின் மேல் இந்த வலையைப் பரப்பித் தைக்கும் முறையை நிலைநிறுத்தினார். 'மெஷ்' வைப்பது என்று இன்று நாம் கூறுவது இதனையே. வலையின் கண்களூடாக உடலின் சொந்தத் திசுக்கள் வளர்ந்து, அது சுவரின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகின்றது.

எந்த முறை சிறந்தது?

ஒரு முறையில், கவட்டு மடிப்புக்கு மேலே சில அங்குல நீளத்தில் வெட்டி, பையை உள்ளே தள்ளி, மெஷ் வைத்துத் தைப்பர். மற்றையதில், சிறு துளைகளினூடாகக் கமராவையும் கருவிகளையும் செலுத்தி, உட்புறமிருந்து மெஷ் வைப்பர். இரண்டாவது முறையில் ஆரம்ப நோவு குறைவு; வேலைக்கும் விரைவில் திரும்பலாம். இருபக்கமும் குடலிறக்கம் உள்ளோருக்கும், முன்னர் வெட்டிச் செய்த இடத்தில் மீண்டும் ஏற்பட்டோருக்கும், பெண்களுக்கும் அது கூடுதலாகப் பொருந்தும். ஆனால் அதற்கு முழு மயக்கமும், சிறப்புக் கருவிகளும், அதில் பயிற்சிபெற்ற நிபுணரும் வேண்டும். எந்த முறையாயினும், செய்பவரின் தேர்ச்சியே முக்கியமானது.

புலம்பெயர் நாடுகளிலுள்ள உறவினர், "மெஷ் வேண்டாம், அதனால் வழக்குகள் நடக்கின்றன" என்று தொலைபேசியில் எச்சரிப்பதும் உண்டு. பெண்களின் இடுப்பறை உறுப்புகள் இறங்குவதற்கு யோனி வழியாக வைக்கப்பட்ட மெஷ் வகைகளின் விற்பனை அமெரிக்காவில் 2019-இல் நிறுத்தப்பட்டமை உண்மை. அது வேறு, கவட்டில் வைக்கப்படும் மெஷ் வேறு. குடலிறக்கத்துக்கான மெஷ்களிலும் ஓரிரு வகைகள் மீளப்பெறப்பட்டுள்ளன. எனினும் 2018-இல் வெளியான சர்வதேச வழிகாட்டல், வளர்ந்தோரின் கவட்டுக் குடலிறக்கத்துக்கு மெஷ் வைப்பதையே பரிந்துரைக்கின்றது. குழந்தைகளுக்கு மெஷ் தேவையில்லை. பையைக் கட்டி அகற்றுவதே போதும்.

விலையுயர்ந்த மெஷ்தான் நல்லது என்ற எண்ணமும் தவறானது. இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்துக் கிராமப்புறத்தில் பணியாற்றிய வைத்தியர் ரவீந்திரநாத் தொங்கான்கர், கிருமிநீக்கம் செய்த நுளம்புவலைத் துணியையே ஏழை நோயாளருக்குப் பயன்படுத்தி வழிகாட்டினார். உகண்டாவில் 302 ஆண்களிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வு, இத்தகைய மலிவான வலைக்கும் விற்பனைக்குள்ள விலையுயர்ந்த மெஷ்ஷுக்கும் இடையே பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று காட்டியது.

சத்திரசிகிச்சைக்கு ஆயத்தமாதல்

இந்நாட்டின் அரச வைத்தியசாலைகளில் இச்சிகிச்சை இலவசமானது. அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, கடிதம் பெற்று, போதனா வைத்தியசாலையின் அல்லது ஆதார வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குச் செல்லலாம். அங்கு திகதி குறித்துத் தரப்படும். காத்திருக்க நேரிடலாம். திகதி கிடைத்த பின்னர் திருவிழாவையும் அறுவடையையும் காரணங்காட்டிச் செல்லாமல் விடுவோர், தமக்கு மட்டுமன்றி அந்த இடத்துக்காகக் காத்திருக்கும் இன்னொருவருக்கும் தீங்கிழைக்கின்றனர்.

குருதிப் பரிசோதனையும் வயதானோருக்கு ஈ.சி.ஜி.யும் செய்யப்படும். நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் கட்டுப்பாட்டில் இருத்தல் வேண்டும். அஸ்பிரின், குளோப்பிடோகிரல், வார்பரின் முதலான மருந்துகளை எடுப்போர் அதனை முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது. சித்த, ஆயுர்வேத மருந்துகள் எடுப்பதையும் சொல்லவேண்டும். புகைப்பவர்கள் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்னராவது நிறுத்திவிட்டால் புண் ஆறுவதும் சுவாசமும் சீராக இருக்கும். முதல்நாள் வீட்டிலே சவரம் செய்துகொண்டு செல்லவேண்டாம். தோலில் ஏற்படும் நுண்ணிய கீறல்கள் கிருமிகளுக்கு வாசலாகும்.

திண்ம உணவை 6 மணித்தியாலங்களுக்கு முன்னர் நிறுத்தச் சொல்வர். மயக்க நிலையில் வாந்தி வந்து சுவாசப்பையினுள் செல்லாமல் இருப்பதற்காகவே இந்தக் கட்டுப்பாடு. "முதியவர் பசி தாங்கமாட்டார்" என்று இரங்கி, தாதிக்குத் தெரியாமல் பாலும் பணிசும் கொடுப்பது அன்பு ஆகாது.

வெட்டிச் செய்யும் முறைக்குப் பெரும்பாலும் முள்ளந்தண்டில் ஊசியேற்றி இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்வர். இந்த ஊசியினால் ஆயுள் முழுவதும் முதுகுநோ வரும் என்ற அச்சம் பரவலாக உள்ளது, அதற்கு ஆதாரமில்லை. சிலருக்குச் சில நாள்கள் தலையிடி வரலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. இருதய, சுவாச நோயுள்ளவர்களுக்கு அவ்விடத்தை மட்டும் விறைக்கச் செய்தும் செய்யமுடியும். சத்திரசிகிச்சை ஒரு மணித்தியாலமளவில் முடிந்துவிடும்.

வீடு திரும்பிய பின்னர்

பெரும்பாலானோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். விறைப்பு நீங்கியதும் எழுந்து நடப்பது அவசியம். அசையாது படுத்திருந்தால் கால் நாளங்களில் குருதி உறையக்கூடும். முதியவர்களுக்குச் சலம் கழிக்கத் தற்காலிகத் தடை ஏற்படலாம். அதனை உடனே தெரிவிக்கவேண்டும். முதல் வாரத்தில் நோவும், விதைப்பையில் சிறிது வீக்கமும் கன்றிய நிறமும் காணப்படுவது இயல்பு. பனடோல் முதலிய மருந்துகளைச் சொன்ன ஒழுங்கில் எடுத்தால் நோவு அடங்கும். இருமும்போதும் தும்மும்போதும் புண்ணின் மேல் கைவைத்து மெதுவாக அணைத்துக்கொள்ளலாம்.

புண்ணுக்கு ஆகாதென்று மாதக்கணக்கில் கத்தரிக்காய், மீன், முட்டை, இறால் யாவற்றையும் 'கிரந்தி' என ஒதுக்கிவிடுவது எமது வீடுகளில் வழக்கம். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். ஒவ்வாமை இல்லாதவர் மீனும் முட்டையும் பருப்பும் தாராளமாக உண்ணலாம். மலச்சிக்கல் ஏற்படாதிருக்கக் கீரை, பப்பாசி, தீட்டாத அரிசிச் சோறு, போதிய தண்ணீர் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

மூன்று மாதம் படுக்கையிலேயே இருக்கவேண்டும் என்பது பழங்கதை. நோவு அனுமதிக்கும் அளவுக்கு நாளாந்த அலுவல்களைச் செய்யலாம் என்பதே இன்றைய வழிகாட்டல். இருந்து செய்யும் வேலைக்கு ஓரிரு வாரங்களில் திரும்பலாம். திடீரெனப் பிறேக் பிடிக்கும்போது நோகாது என்ற நிலை வந்ததும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஓட்டலாம். மூடை சுமத்தல், தோட்டங்கொத்துதல், மரம் ஏறுதல் போன்ற கடும் வேலைகளுக்கு மட்டும் 4 முதல் 6 வாரங்கள் வரை வைத்தியர் சொல்லும் காலத்தைக் காத்திருப்பது நல்லது. அன்றாடக் கூலிக்கு உழைப்பவருக்கு இந்தக் கணக்கே மிக முக்கியமானது. மூன்று மாதம் முடங்கவேண்டும் என்று தவறாக எண்ணி அஞ்சியே பலர் சிகிச்சையைத் தவிர்க்கின்றனர்.

தாம்பத்திய வாழ்வு பற்றி எவரும் வாய்திறந்து கேட்பதில்லை. ஆதலால் நாமே கூறிவிடுகின்றோம். இச்சிகிச்சையால் ஆண்மை குன்றுவதில்லை. நோவு நீங்கியதும் வழமைபோல வாழலாம். விதைக்கான குருதியோட்டம் பாதிக்கப்படுவது மிக அரிது.

குறைகளையும் மறைப்பதற்கில்லை. கிருமித் தொற்று, குருதிக் கசிவு, மீண்டும் பிதுங்குதல் ஆகியன சிறு தொகையினருக்கு ஏற்படலாம். மூன்று மாதங்களைத் தாண்டியும் தொடரும் நோவு 100-க்கு 10 பேரளவில் காணப்படுவதாகவும், அன்றாட வாழ்வைப் பாதிக்கும் கடும் நோவு அவர்களிலும் சிலருக்கே வருவதாகவும் சர்வதேச வழிகாட்டல் கூறுகின்றது. காய்ச்சல், புண்ணிலிருந்து சீழ் வடிதல், வீக்கம் விரைந்து பெருத்தல், கடும் நோவு, காலில் வீக்கம் ஆகியன கண்டால் குறித்த கிளினிக் திகதிவரை காத்திராது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

தள்ளிப்போடும் பழக்கத்தைக் கைவிடுவோம்

எமது மக்களிடையே உயிர்போகாத நோயைத் தள்ளிப்போடும் பழக்கம் வேரூன்றியமைக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளிலும், 2006 ஓகஸ்ட்டில் ஏ-9 பாதை மூடப்பட்டுக் குடாநாடு துண்டிக்கப்பட்டிருந்த காலத்திலும் மருந்தே அரிய பொருளாயிற்று. காயமடைந்தோர் காத்திருக்கையில் கவட்டு வீக்கத்தைப் பற்றிப் பேச எவருக்கு மனம் வரும்? "பிறகு பார்ப்போம்" என்பது அன்று நியாயமான பதிலாக இருந்தது. 2022-இன் பொருளாதார நெருக்கடியின்போதும், மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் மார்ச் மாத இறுதியில் இடைநிறுத்தப்பட்டதை நாடறியும். நெருக்கடி வரும்போது முதலில் பின்தள்ளப்படுவது குடலிறக்கம் போன்ற நோய்களே. ஆதலால் வசதி இருக்கும் காலத்திலேயே அதனைச் செய்துகொள்வது அறிவுடைமை.

வடமாகாண சுகாதாரத் துறையினரிடமும் எமக்கொரு வேண்டுகோள் உண்டு. போதனா வைத்தியசாலையின் சுமையைக் குறைத்து, பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளில் இத்தகைய எளிய சத்திரசிகிச்சைகள் தடையின்றி நடைபெற ஆளணியும் மயக்கமருந்து வசதியும் மெஷ்ஷும் உறுதிப்படுத்தப்படல் வேண்டும். கிராம மட்டத்தில் நீரிழிவுக்கும் குருதி அமுக்கத்துக்கும் பரிசோதனை நடத்தும்போது, "வேறு எங்காவது வீக்கம் உண்டா?" என்ற ஒரு கேள்வியைத் தனிமையில் கேட்டாலே பலர் மனந்திறப்பர்.

வீட்டிலுள்ள பிள்ளைகளும் இதனைச் செய்யலாம். தகப்பனார் அடிக்கடி கவட்டில் கைவைத்து அமுக்குவதையும், தாயார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமுவதையும் கண்டும் காணாததுபோல இருந்துவிடலாகாது. வெட்கப்படாமல் கேளுங்கள், கேட்டபின் கிளினிக் நாளன்று கூடவே செல்லுங்கள். பகலில் நடந்து சென்று செய்துகொள்ளக்கூடிய சிகிச்சையை, நள்ளிரவில் அம்புலன்ஸில் சென்று செய்யவேண்டிய நிலைக்கு எவரையும் விட்டுவிடாதிருப்போமாக.